நடுவில் இன்ஜின் வைத்த கார்வெட்: சி8 ஸ்டிங்ரேயில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விடலாம்

செவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் எட்டாம் தலைமுறை, அதாவது சி8 பற்றிக் கார்ப் பைத்தியங்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது இரண்டு புகார்கள். பின்பக்கம் செவர்லேயின் இன்னொரு காரான கமாரோ ஜாடை அடிக்கிறது. மேனுவல் கியர் கிடையாது. இரண்டும் சரிதான். ஆனால் வாங்கியவர்களுக்குத் தலைவலி தருபவை வேறு, செவர்லே சாமர்த்தியம் காட்டிய இடங்களும் வேறு.

2019 ஜூலையில் அறிமுகமானபோது அடிப்படை விலை 59,995 டாலர். நடுவில் இன்ஜின் வைத்த வி8 காருக்கு அந்த விலை எப்படிக் கட்டுப்படியானது என்பதற்குப் பாதி விடை எல்டி2 இன்ஜினில் இருக்கிறது. 6.2 லிட்டர், டர்போ கிடையாது, கீழே இருக்கும் கேம்ஷாஃப்ட் நீளக் கம்பிகளால் வால்வைத் திறக்கும் பழைய புஷ்ராட் அமைப்பு. கேம்ஷாஃப்ட் ஒன்றே ஒன்று, சிலிண்டருக்கு இரண்டு வால்வு. கேம்ஷாஃப்ட் மேலே உட்காராததால் இன்ஜினின் உயரம் குறைவு, பாகங்களும் குறைவு. இன்ஜின் ஆயிலை அடித்தட்டில் வைக்காமல் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் எல்லா மாடலிலும் உண்டு. அதனால் இன்ஜினை இன்னும் தாழ்த்தி வைக்க முடிந்தது, வேகமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும் அபாயமும் இல்லை. சாதாரண மாடலுக்கு 490 குதிரைத்திறன், பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்ட் இருந்தால் 495.

மீதி விடை சட்டகத்தில். காரின் விறைப்பில் பெரும்பகுதி இருக்கைகளுக்கு நடுவே நீளவாக்கில் ஓடும் டனலில்தான். அதனால் கதவடிப் பகுதி உயரமாக இல்லை; கார்பன் ஃபைபர் தொட்டி வைத்த ஐரோப்பியக் கார்களில் ஏறி இறங்கும் வித்தை இங்கே தேவைப்படாது. தலைமுறை தலைமுறையாகக் கேலிக்கு ஆளான குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கும் (பட்டை வடிவ ஸ்பிரிங்) போய்விட்டது, நான்கு மூலையிலும் காயில்ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்). (கார்வெட்டின் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ் 1960-களிலேயே இன்ஜினைப் பின்னால் தள்ளிய சோதனைக் கார்களைக் கட்டிக் காட்டினார். நிர்வாகம் சம்மதிக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.)

மேனுவல் இல்லாத குறைக்கு ஈடு, டிரெமெக் தயாரித்த 8 வேக டுயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் வைத்துத் தானே கியர் மாற்றும்) கியர்பாக்ஸ். முதல் கியர் மிகக் குட்டை, 2 முதல் 6 வரை நெருக்கமாக அடுக்கியவை, 7-ம் 8-ம் நெடுஞ்சாலைக்கு. நகர நெரிசலில் டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் போலவே வழுக்கிக்கொண்டு போகிறது; இவ்வகை கியர்பாக்ஸில் இது எளிதல்ல. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள இரண்டு கியர் துடுப்புகளையும் ஒன்றாக இழுத்துப் பிடித்தால் கிளட்ச் விடுபடும். நடைமுறைப் பயன் கொஞ்சம்தான், ஆனால் இன்ஜினை முறுக்கிக் காட்ட ஆசைப்படுபவர்களுக்குப் பிடிக்கும்.

அடுத்தது எல்லோரும் கேட்கும் கேள்வி: இசட்51 என்ற கூடுதல் பேக்கேஜ் வேண்டுமா? அறிமுக விலையில் 5,000 டாலர். அதற்குப் பெரிய பிரேக், மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயர், எலக்ட்ரானிக் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது), அந்த எக்ஸாஸ்ட், கூடுதல் ரேடியேட்டர், குட்டையான ஃபைனல் டிரைவ் எல்லாம் வரும். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலுக்கு 2.9 விநாடி என்பது இசட்51 காரின் கணக்குதான். டிராக்கில் ஒரு நாளாவது ஓட்டப்போகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் உச்ச வேகத்தில் சாதாரண கார்தான் முன்னால் நிற்கிறது: மணிக்கு 194 மைல், இசட்51-க்கு 184. ஸ்பாய்லரும் ஸ்பிளிட்டரும் காற்றில் இழுக்கின்றன, அவ்வளவுதான். குளிர்காலத்திலும் ஓட்ட வேண்டியவர்களுக்கு சாதாரண காரின் ஆல்-சீசன் டயர்தான் ஒத்துவரும். 4எஸ் கோடை டயர், வெப்பநிலை உறைநிலையை நெருங்கினால் ரப்பர் இறுகிப் பிடிப்பு போய்விடும்.

மேக்னெட்டிக் ரைடை (சாலைக்கேற்ப இறுக்கத்தைத் தானே மாற்றும் ஷாக் அப்சார்பர்) மட்டும் விட்டுவிடாதீர்கள். டூர் மோடில் பள்ளம் மேட்டை இது விழுங்கும் விதத்துக்கும் டிராக் மோடின் இறுக்கத்துக்கும் இடையே உள்ள தூரம் இந்த விலையில் வேறெங்கும் கிடைப்பது அரிது. 2020 மாடலில் இசட்51 எடுத்தால்தான் இது கிடைக்கும். 2021 முதல் தனியாகவும் வாங்கலாம். முன்பக்கத்தைத் தூக்கும் வசதியையும் விட வேண்டாம். மூன்று விநாடிக்குள் 40 மில்லிமீட்டர் உயரும், சரிவான நுழைவாயில் போன்ற இடங்களை ஜிபிஎஸ் மூலம் நினைவில் வைத்து அடுத்த முறை தானே தூக்கிக்கொள்ளும். ஆனால் 1எல்டி, 2எல்டி, 3எல்டி என்று மேலேறும் வசதி நிலைகளில் (ட்ரிம்) அடிமட்டமான 1எல்டி-யில் இது வராது. பின்பக்கக் கேமராக் கண்ணாடியும் 2எல்டி முதல்தான். பின்கண்ணாடி வழியாகத் தெரிவது கொஞ்சம் என்பதால் 2எல்டி-யே புத்திசாலித்தனமான தேர்வு. 3எல்டி கேட்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் தோலுக்கும் தையலுக்கும்.

ஓட்டுவதில் ஒரு குறை உண்டு. மெதுவான வளைவில் நுழையும்போது மூக்கு வெளியே தள்ளுகிறது. எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் பின்னால். முன் டயர் 245, பின் டயர் 305. ஆலை அமைத்து அனுப்பும் அலைன்மென்ட்டும் வழுக்கிச் சுழலாமல் இருப்பதையே முதலில் பார்க்கிறது. டிராக்குக்கான அலைன்மென்ட் அளவுகள் காரோடு வரும் கையேட்டிலேயே இருக்கின்றன. நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்வதை) கூட்டியதும் முன்பக்கம் கடிக்க ஆரம்பிக்கும், ஆனால் அதே அமைப்பில் தினமும் சாலையில் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். பிரேக் மிதி மின்சமிக்ஞை வழிச் செயல்படுவது. உறுதியாகத்தான் இருக்கிறது, தரையின் செய்தி மட்டும் காலுக்கு வந்து சேராது.

உள்ளே, 2025 வரையான கார்களில் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவில் ஏசி பொத்தான்களின் மதில் சுவர். பார்க்க விசித்திரம், ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பொத்தான் என்பதால் பழகியபின் கண் சாலையை விட்டு விலக வேண்டியதில்லை. 2026-ல் அதை எடுத்துவிட்டு மூன்று திரைகள் வைத்தார்கள். பக்கத்தில் உட்காருபவருக்கு நிம்மதி.

டிக்கி இரண்டு, சேர்த்து 12.6 கன அடி. கழற்றிய கூரைப் பலகையைப் பின் டிக்கியில் வைத்தால் பெட்டிக்கு இடமில்லை. அந்த டிக்கி இன்ஜினை ஒட்டியே இருப்பதால் சூடாகும், சாக்லேட்டும் மருந்தும் முன் டிக்கியில் இருக்கட்டும். ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃப்ளாட் டயர்தான்.

பராமரிப்பில் பலரும் கோட்டைவிடுவது கியர்பாக்ஸ் ஃபில்டரை. முதல் மாற்றம் 7,500 மைலில்; புதிய பல்சக்கரங்களும் கிளட்ச் தகடுகளும் ஆரம்பத்தில் உதிர்க்கும் துகள்களை அது பிடித்து வைத்திருக்கும். முதல் 500 மைலுக்கு இன்ஜினை விரட்டக் கூடாது, கார் தானே டார்க்கை (இன்ஜினின் சுழற்று விசையை) குறைத்துத்தான் கொடுக்கும். முன் மூலைகளில் இருக்கும் ரேடியேட்டர்களுக்கு முன்னால் வலை போடுங்கள். இலையும் கல்லும் திறப்பு வழியாக நேராக உள்ளே போகின்றன, பிறகு எடுக்க பம்பரைக் கழற்ற வேண்டும். முன் டயர் வீசும் கல் பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள அகலமான பகுதியின் பெயின்ட்டைக் கொத்தும், அங்கே பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது வீண் செலவல்ல. ஜாக்கி வைக்கும் துளைகளில் பொருந்தும் பக் (ஜாக்கிக்கும் காருக்கும் இடையே வைக்கும் சிறு கட்டை) நான்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஓரத்தில் ஜாக்கி கொடுத்தால் பக்கவாட்டுப் பலகை விரிசல் விடும். வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு பேட்டரி மெயின்டெய்னர் கட்டாயம்.

பழைய காராக வாங்கினால் சர்வீஸ் தாளில் அந்த 7,500 மைல் ஃபில்டர் மாற்றம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2020 மாடல் என்றால், ஓட்டும்போது முன் மூடி திறந்துகொண்டதற்காக வந்த ரீகால் முடிந்திருக்கிறதா என்றும் சேசிஸ் எண்ணை வைத்து டீலரிடம் கேளுங்கள். முடிந்திருந்தால், மூடி திறந்திருக்கும்போது கார் மணிக்கு 26 மைலைத் தாண்டாது.