ஈபப்பை அழிக்காதீர்கள்: காலிபரோடு ஆறு வருடம்

ஆறு வருடத்தில் மூன்று மின்னூல் ரீடர் மாற்றிவிட்டேன். புத்தகங்கள் கூடவே வந்தன, கொஞ்சம் அடிபட்டு. புத்தகக் கோப்புகளை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வேலை முழுக்கக் காலிபரில்தான். கோவிட் கோயல் 2006இல் சோனி ரீடருக்காக எழுத ஆரம்பித்த இலவச மென்பொருள் இது. ஐகான் கூட்டம் முதல் நாள் மிரட்டும், அப்புறம் பழகிவிடும்.

அடிபட்டதற்குக் காரணம் நான்தான். முதல் ரீடர் மோபி என்ற பழைய கிண்டில் கோப்பு வடிவத்தை மட்டும்தான் படிக்கும். ஈபப் என்ற பொதுவான மின்னூல் வடிவத்தில் இருந்த எல்லாவற்றையும் மோபியாக்கிவிட்டு, இரண்டு பிரதி எதற்கு என்று மூலத்தை அழித்தேன். அடுத்த ரீடருக்காகத் திரும்ப ஈபப்பாக்கியபோது, கவிதைகளில் உள்ளே தள்ளி நின்ற வரியெல்லாம் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய மோபியில் பாதி ஸ்டைல் உதிர்ந்துவிடும், எழுத்துருவையும் உட்பொதிக்க (கோப்புக்குள்ளேயே சேர்த்து வைக்க) முடியாது. உதிர்ந்தது திரும்ப வராது. இப்போது ஈபப்தான் மூலம், அதில் கைவைப்பதில்லை. அமேசானின் கிண்டில் ரீடருக்கு வேண்டுமென்றால் அதிலிருந்து ஏஇசட்டபிள்யூ3 என்ற கிண்டில் வடிவத்தை எடுப்பேன். 2022 முதல், கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் 'சென்ட் டு கிண்டில்' சேவை ஈபப்பையே வாங்கிக்கொள்வதால் அதுவும் குறைந்துவிட்டது.

தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், மாற்றும்போது 'லுக் அண்ட் ஃபீல்' பகுதியில் 'நோட்டோ செரிஃப் தமிழ்' எழுத்துருவை உட்பொதித்துவிடுங்கள். ரீடரிலும் பதிப்பாளர் எழுத்துருவை, அதாவது புத்தகத்தோடு வருவதை, தேர்ந்தெடுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரே புத்தகத்தை நான்கு முறை மாற்றியிருக்கிறேன்!

பிடிஎஃப்தான் தீராத தலைவலி. அதில் இருப்பது பெரும்பாலும் எந்த வடிவம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்ற கணக்குதான். கண்ணுக்கு 'கொடு' என்று தெரிவது, மாற்றியதும் 'ெகாடு' என்று வந்து நிற்கும், கொம்பு முன்னே, எழுத்து பின்னே. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப் என்றால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அதை யூனிகோடு மாற்றியில் போட்டு ஓரளவு மீட்கலாம். வரிக்கு வரி பத்தி உடைந்தால், உடைந்த வரிகளை ஊகித்து ஒட்ட காலிபரில் 'ஹியூரிஸ்டிக் பிராசஸிங்' என்ற வசதி உண்டு. உரைநடைக்குச் சரி, கவிதைக்குப் போட்டால் வரிகளை ஒட்டி உரைநடையாக்கிவிடும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை மாற்றப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அதெல்லாம் டேப்லெட்டில், படுக்கைவாட்டில் திருப்பி, அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.