நின்றே வேலை பார்ப்பவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு

மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறேன். கடை திறந்ததிலிருந்து இரவு வரை டைல்ஸ் தரையில் நிற்கிற வேலை. குதிகால் வலி எங்களில் பலருக்கும் உண்டு. நான் போட்டிருக்கும் எம்.சி.ஆர். என்ற மென்மையான ரப்பர் செருப்பைப் பார்த்துவிட்டு, வாங்கலாமா, காசுக்குத் தகுமா என்று கூட வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். ஆனால் பார்த்து வாங்க வேண்டும், வீட்டுக்குள்ளும் போட வேண்டும்.

எனக்கு இருந்தது காலை வலி. எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி இறங்குவது போல இருக்கும். நாலு நடை நடந்தால் குறையும், சாப்பிட உட்கார்ந்து எழுந்தால் திரும்ப வந்துவிடும். எலும்பு டாக்டர் குதிகாலின் உட்பக்கம் அழுத்திப் பார்த்து, பிளான்டார் ஃபேசியைட்டிஸ் என்றார். குதி எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்துக்கு அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. அது எலும்பில் பிடித்திருக்கும் இடம் நைந்துபோவதால் வரும் வலியாம். எக்ஸ்ரேயில் எலும்பு முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்தேன். வலியே இல்லாத பலருக்கும் அது இருக்கும், அதற்காக ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி அனுப்பினார்.

அம்மா செங்கலைச் சூடாக்கி, எருக்கிலை போட்டு, அதன் மேல் குதிகாலை வைக்கச் சொன்னார். இதமாகத்தான் இருந்தது, விடிந்தால் அதே வலி. சர்க்கரை உள்ளவர்கள் இதைச் செய்யவே வேண்டாம். பாதம் மரத்திருந்தால் சுடுவது தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும்.

இனி செருப்பு. எம்.சி.ஆர். என்பது மைக்ரோசெல்லுலார் ரப்பர், உள்ளே நுண்ணிய காற்றறைகள் உள்ள மென்மையான ரப்பர். தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களில் புண் வராமல் காப்பதற்காக, வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் 1950-களில் இந்த மாதிரிச் செருப்புகளைச் செய்ய ஆரம்பித்தார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதைத்தான் எழுதித் தருகிறார்கள். உடம்பின் எடை ஒரே இடத்தில் குத்தாமல் பாதம் முழுக்கப் பரவுகிறது.

'டாக்டர் செருப்பு' என்ற பெயரில் விற்பதெல்லாம் எம்.சி.ஆர். இல்லை. என் அக்கா ஒரு கடையில் அப்படி வாங்கியது வெறும் ஃபோம். சீக்கிரமே குதிகால் பக்கம் அப்பளமாகிவிட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பாத அளவு எடுத்துச் செய்து தரும் சிறிய கடையில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் என்னையே கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். அமுங்க வேண்டும், எடுத்ததும் மேலே வர வேண்டும். மேலே மென்மையான ரப்பர், அடியில் கெட்டியான சோல், இரண்டும் இருக்க வேண்டும். மொத்தமும் மெத்தென்று இருந்தால் நம் எடை தாங்காது.

குறைகளும் உண்டு. நான் வாங்கிய கடையில் கறுப்பு, காப்பிக்கலர் தவிர வேறு கிடைக்கவில்லை. ஈரத்தில் வழுக்குகிறது, பாத்ரூமுக்கு ஆகாது. பின்பட்டி இல்லாத மாடல் என்பதால் பஸ் ஏறும்போது கழன்று வருகிறது. அடுத்த ஜோடியைப் பின்பட்டியோடுதான் வாங்குவேன்.

வீட்டுக்கென்று தனி ஜோடி வைத்திருக்கிறேன். சமையலறையில் வெறுங்காலோடு நின்றால் வெளியே செருப்பு போட்டுக் கிடைத்த பலன் போய்விடுகிறது. வீட்டுக்குள் செருப்பா என்று மாமியார் முதலில் முகம் சுளித்தார், இப்போது அவருக்கும் ஒரு ஜோடி வாங்கியாகிவிட்டது. எங்கள் பட்டுப் பிரிவில் செருப்பைக் கழற்ற வேண்டும். அங்கே சாக்ஸுக்குள் சிலிகான் குதிகால் பேட் வைத்துக்கொள்கிறேன். எம்.சி.ஆர். அளவுக்கு இல்லை, ஆனாலும் தரையின் கடினம் அவ்வளவாகத் தெரிவதில்லை.

செருப்பு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கால் தரையில் படுவதற்கு முன்பே, வலிக்கிற காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுத்துப் பத்து எண்ண வேண்டும். இதைப் பத்துத் தடவை. பிசியோதெரபிஸ்ட் சொன்ன இந்தப் பயிற்சியை விடாமல் செய்த பிறகுதான் முதல் அடி வலி விட ஆரம்பித்தது. அதற்கே சில மாதம் ஆனது. உடனே ஊசி போட்டுக்கொள்ள அவசரப்படாதீர்கள். ஸ்டீராய்டு ஊசியில் கிடைக்கும் நிவாரணம் பெரும்பாலும் கொஞ்ச காலத்துக்குத்தான், நார் அறுந்துபோகும் அபாயமும் உண்டு.

அப்புறம் ஸ்டூல். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்தியிருக்கிறார்கள். எங்கள் பிரிவிலும் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளே, கஸ்டமர் இல்லாத நேரத்தில் தயங்காமல் உட்காருங்கள், அது நமக்காகப் போட்டதுதான்.