வீட்டு சர்வரில் திரைப்படங்கள்: கிளை ஃபோல்டரா, ஒரே தட்டா?

வீட்டு சர்வரில் படம் சேர்ப்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் கட்சி மொழி, மொழிக்குள் நடிகர், நடிகருக்குள் வகை என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பிரித்துக்கொண்டே போகும். இரண்டாவது கட்சி எல்லாப் படங்களையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு, தேடிக் கொடுக்கும் வேலையை பிளெக்ஸ், ஜெல்லிஃபின், கோடி போன்ற மென்பொருள்களிடம் விட்டுவிடும். நான் இரண்டாவது கட்சி. ஆனால் இந்தக் கட்சிக்காரரும் சில இடங்களில் ஃபோல்டர் பிரித்துத்தான் ஆக வேண்டும். எங்கே பிரிப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

முதலில் கிளை ஃபோல்டருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி நேரே டிவியில் செருகினாலும், லேப்டாப்பில் நெட்வொர்க் வழியாகத் திறந்தாலும் அதே வரிசை. சர்வரையே மாற்றினாலும் அடுக்கு கலையாது. ஐம்பது, அறுபது படங்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு இது தாராளமாகப் போதும். அவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடலாம்.

படங்கள் பெருகும்போது வம்பு தொடங்குகிறது. எழுபதுகளில் ரஜினியும் கமலும் சேர்ந்து நடித்த படங்கள் யாருடைய ஃபோல்டருக்குப் போகும்? பேயும் நகைச்சுவையும் கலந்த படம் எந்த வகை? லினக்ஸ் தெரிந்தவர்கள் ஹார்டு லிங்க் என்பார்கள்: ஒரே கோப்புக்கு இரண்டு இடங்களில் பெயர், டிஸ்க்கில் கூடுதல் இடம் பிடிக்காது. நல்ல தந்திரம்தான். ஆனால் அது ஒரே கோப்பு முறைமைக்குள் (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஏற்பாடு) மட்டுமே செல்லும். படங்கள் இரண்டாவது டிஸ்க்குக்குப் பரவிய நாளில் தந்திரம் முடிந்தது. காப்புப் பிரதி எடுக்க ஆர்சிங்க் என்ற நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் ஹார்டு லிங்க்கைக் காப்பாற்றும் விருப்பத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மறந்தால், அங்கே ஒரு படம் இரண்டு படத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ப்ளூ-ரே தட்டு ஒன்றின் கொள்ளளவே 25 அல்லது 50 ஜிபி என்பதால், அப்படியே பிரதி எடுத்து வைத்திருப்பவருக்கு இது சின்ன இழப்பு அல்ல.

ஒரே தட்டு முறையில் வேலை ஒன்றுதான்: ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதன் பெயரில் தலைப்பும் அடைப்புக்குறிக்குள் ஆண்டும். உள்ளே இருக்கும் கோப்புக்கும் அதே பெயர். நடிகர், இயக்குநர், வகை எல்லாவற்றையும் மென்பொருள் இணையத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளும். ரஜினியைத் தேடினாலும் கமலைத் தேடினாலும் அதே படம் வரும். ஆண்டை மட்டும் விட்டுவிடக் கூடாது. கமல் நடித்த ‘விக்ரம்’ 1986இலும் உண்டு, 2022இலும் உண்டு. ஆண்டு இல்லாவிட்டால் பழைய படத்துக்குப் புதிய போஸ்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆண்டு போட்டும் குழம்புகிற படத்துக்கு திரைப்பட விவரங்களைத் திரட்டி வைக்கும் டிஎம்டிபி தளம் அதற்குக் கொடுத்த எண்ணை ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடலாம். ஜெல்லிஃபினுக்கு அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும், பிளெக்ஸுக்கு நெளி அடைப்புக்குறிக்குள்.

தமிழ்ப் படங்களுக்கு இந்த எண் இன்னும் அவசியம். ‘ழ’கரம் வரும் ஒரு தலைப்பை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம், நெடிலைக் காட்ட ஒருவர் இரண்டு எழுத்து போடுவார், மற்றவர் ஒன்று. தமிழிலேயே பெயர் வைத்துவிட்டால் என்ன? ஆசைதான். அதில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். புள்ளிக்கும் துணைக்காலுக்கும்கூடத் தனித்தனியே மூன்று. நீளமான தலைப்போடு தரமும் பதிப்பும் சேர்த்து எழுதினால் எல்லை நெருங்கிவிடும். அடுத்தது இன்னும் விஷமம். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. மேக் கணினியின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. லினக்ஸுக்கு இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். கடைசியில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் அக்கம்பக்கமாக நிற்கும். எது எதுவென்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் என் தீர்ப்பு: கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில், திரையில் தெரியும் தலைப்பு தமிழில்.

இனி மென்பொருள்கள். மூன்றில் மூத்தது கோடி. மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸுக்காக எக்ஸ்பிஎம்சி என்ற பெயரில் பிறந்து, 2014இல் பெயர் மாறியது. இது சர்வர் அல்ல, பிளேயர். டிவிக்குப் பின்னால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று, அதில் கோடி, ஒரே ஹால் என்றால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இரண்டாவது அறைக்கும் டிவி வந்துவிட்டால், ஹாலில் பாதியில் நிறுத்திய இடம் படுக்கையறைக்குத் தெரியாது. பொதுவான மரியாடிபி தரவுத்தளம் வைத்து இணைக்கலாம். அதற்குள் கணினிக்காரர் அல்லாதவர் களைத்துவிடுவார்.

பிளெக்ஸ் வசதியில் முதலிடம். அநேகமாக எல்லா ஸ்மார்ட் டிவிக்கும் அதன் செயலி கிடைக்கிறது; உறவினருக்குப் பகிர்வதும் எளிது. ஆனால் 2025 ஏப்ரலில் வெளியிலிருந்து பார்க்கும் வசதியை இலவசப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாழ்நாள் கட்டணம் 119.99 டாலரிலிருந்து 249.99 டாலராக ஏறியது. வீடியோவை டிவிக்குப் பொருந்தும் வடிவத்துக்கு உடனுக்குடன் மாற்றித் தருவதற்கு வன்பொருள் உதவி வேண்டுமென்றாலும் காசு. கணக்கு அவர்களிடம், விதிகளும் அவர்கள் கையில்.

ஜெல்லிஃபின் பிறந்ததே இப்படியொரு கோபத்தில்தான். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடியபோது, 2018 டிசம்பரில் சிலர் பிரிந்து போய்த் தொடங்கியது அது. எல்லாமே இலவசம், வன்பொருள் உதவியோடு வீடியோவை மாற்றுவது உட்பட. வெளியூரிலிருந்து பார்க்க விபிஎன் (வீட்டு நெட்வொர்க்குக்குள் வெளியிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) போன்ற ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள வேண்டும். டிவி செயலிகளில் பிளெக்ஸின் மெருகு இல்லை. ஆனாலும் என் ஓட்டு இதற்கே, ஒரு சிறிய காரணத்துக்காக. நூலகத்தின் (மென்பொருளில் சேர்த்த படத் தொகுப்புக்கு இந்தப் பெயர்) அமைப்பில் என்எஃப்ஓ சேமிப்பைத் தேர்ந்தெடுத்தால், படத்தின் விவரங்களை அந்தப் படத்தின் ஃபோல்டரிலேயே சிறு கோப்பாக எழுதி வைக்கிறது. போஸ்டரையும் அப்படியே வைக்கச் சொல்லலாம். நாம் உட்கார்ந்து திருத்திய தலைப்பும் வகையும் படத்தோடு பயணப்படும். நாளை கோடிக்கு மாறினால் கோடியும் அதைப் படித்துக்கொள்ளும். பிளெக்ஸ் நெடுங்காலமாக இவற்றைத் தன் தரவுத்தளத்துக்குள்ளேயே பூட்டி வைத்துப் பழகியது.

சரி, ஃபோல்டரை எங்கே பிரிப்பது? மென்பொருள் வேறு விதமாக நடத்த வேண்டிய இடத்தில் மட்டும். ஜெல்லிஃபினில் விவரங்களின் மொழியை ஒவ்வொரு நூலகத்துக்கும் தனியாக வைக்கலாம். தமிழ்ப் படங்கள் தனி ஃபோல்டராக, தனி நூலகமாக இருந்தால் அதற்குத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்க் கதைச்சுருக்கம் எல்லாப் படத்துக்கும் இருக்காது. தலைப்பாவது பெரும்பாலும் தமிழில் வரும், ஆங்கிலம் படிக்காத பாட்டியும் ரிமோட்டை வாங்கிக்கொள்வார். டப்பிங் படம் எங்கே என்ற சண்டைக்கு ஒரே விதி: எடுக்கப்பட்ட மொழி.

குழந்தைகளின் படங்களும் தனி ஃபோல்டராக இருக்கட்டும், ஏனென்றால் எந்தப் பயனருக்கு எந்த நூலகம் என்று வரையறுக்கலாம். தணிக்கைச் சான்றிதழை நம்பித் தடுக்கலாமே என்றால், நம்மூர்ப் படங்கள் பலவற்றுக்கு அந்த விவரமே இணையப் பட்டியலில் பதிவாகியிருக்காது. குடும்ப வீடியோக்களை மட்டும் சினிமாவின் பக்கமே கொண்டுவரக் கூடாது. ‘கல்யாணம்’ என்ற கோப்பைப் பார்த்ததும் மென்பொருள் உற்சாகமாக அந்தப் பெயரில் ஏதோ ஒரு படத்தின் போஸ்டரை ஒட்டிவிடும். சித்தப்பாவுக்குப் பதிலாக யாரோ துப்பாக்கியோடு நிற்பார். அவற்றை வீட்டு வீடியோ என்ற தனி வகை நூலகத்தில் சேர்த்தால் இந்தத் தேடல் நடக்காது. காப்புப் பிரதிக்கும் அவைதான் முதலில். படத்தை மறுபடி ப்ளூ-ரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

மென்பொருள் ஒரு கணினியிலும் படங்கள் வேறொரு என்ஏஎஸ் பெட்டியிலும் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) இருந்தால், புதிய படம் தானாக நூலகத்தில் தோன்றும் என்று காத்திருக்க வேண்டாம். நெட்வொர்க் வழியாக இணைத்த ஃபோல்டரில் நடக்கும் மாற்றம் அந்தக் கணினிக்கு உடனே எட்டாது. இரவில் ஒரு முறை தேடும்படி நேரம் குறித்து வையுங்கள். படங்களின் ஃபோல்டரை மென்பொருளுக்குப் படிக்க மட்டும் திறந்து வைப்பது பாதுகாப்பு; ஆனால் அப்போது என்எஃப்ஓ எழுத முடியாது. நான் எழுதும் உரிமையைக் கொடுத்துவிட்டு, நிர்வாகி தவிர மற்றெல்லாப் பயனர் கணக்கிலும் நீக்கும் அனுமதியை எடுத்துவிடுகிறேன்.