101 பட்டை வைரம்: சேலத்தில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அம்மாப்பேட்டையைச் சேர்ந்த ஒரு குடும்பம், மகளின் நிச்சயதார்த்தத்துக்காகச் சேலத்திலேயே ஒரு கடையில் 50 சென்ட் (அரை கேரட்; 100 சென்ட் ஒரு கேரட்) ஒற்றைக்கல் வைர மோதிரம் எடுத்தது. அதே எடை, அதே நிறம், அதே தெளிவு உள்ள வழக்கமான வட்ட வைரம் பக்கத்துத் தட்டிலேயே இருந்தது. "அக்கா, அது சாதா கட்டிங், 57 பட்டைதான். இதுல 101 பட்டை. எப்படி டாலடிக்குது பாருங்க" என்று சொல்லி, கடைக்காரர்கள் ஏறக்குறைய கால் பங்கு விலை கூடுதலாக வாங்கிவிட்டார்கள். பட்டை என்பது கல்லில் வெட்டி மெருகேற்றிய ஒவ்வொரு தட்டை முகம். இரண்டு வருடம் ஆவதற்குள் மாற்றப் போனபோது அதே கடையில், "இந்த கட்டிங் இப்ப ஓடறதில்லைங்க, சாதா கல்லு ரேட்டுக்குக் கீழதான் எடுத்துக்க முடியும்" என்றார்கள்.

மோதிரத்திலிருந்து கல்லைக் கழற்றி அளந்தபோதுதான் விஷயம் முழுதாகத் தெரிந்தது. நல்ல விகிதத்தில் வெட்டிய 50 சென்ட் வட்ட வைரத்தின் குறுக்களவு சுமார் 5.1 மி.மீ. இருக்கும். ஆழம் அதில் 60 முதல் 62 சதவீதம். இந்தக் கல்லோ 4.9 மி.மீ.தான், ஆழம் 66 சதவீதம், கல்லின் இடுப்பும் (மேல்பகுதியும் அடிப்பகுதியும் சேரும் விளிம்பு) தடிப்பு. எடையெல்லாம் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு இது 44 சென்ட் கல்லின் அளவுதான். வைரத்தின் விலை படிப்படியாக ஏறுவது: 49 சென்ட் வரை ஒரு ரேட், 50 தொட்டதும் அடுத்த ரேட். கச்சாக் கல்லிலிருந்து எடை குறையாமல் 50-ஐத் தொட வைக்க அடிப்பகுதியைப் பருமனாக விட்டுவிட்டால் வெட்டுபவருக்கு லாபம். அந்தப் பருமனைப் பொடிப் பட்டைகள் போட்டு மறைத்துவிடலாம். விரலில் போடுகிறவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

57 என்பது சும்மா வந்த எண் அல்ல. மேலே டேபிள் என்கிற தட்டை முகத்தோடு 33, கீழே 24. அடிமுனையில் சின்னதாக ஒரு தட்டை வைத்தால் 58. வைரம் வெட்டும் குடும்பத்தில் வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் இதற்கான கோணங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார்: மேல்பகுதி 34.5 டிகிரி, அடிப்பகுதி 40.75 டிகிரி. வைரத்துக்குள் போன ஒளி, பட்டைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 24.4 டிகிரிக்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியே போகாமல் உள்ளேயே திரும்பும். அடிப்பகுதியின் கோணம் சரியாக இருந்தால்தான் அந்த ஒளி இரண்டு முறை திரும்பி மேல்வழியாக நம் கண்ணுக்கு வரும். கோணம் தப்பினால் 101 அல்ல, 201 பட்டை போட்டாலும் ஒளி கீழ்வழியாகக் கசிந்துவிடும். அம்மாப்பேட்டைக் கல்லை நிழலில் வைத்துப் பார்த்தால் நடுவில் ஒரு இருட்டு வட்டம் தெரிந்தது. ஆழம் அதிகமான கல்லில் தெரிகிற இருட்டு அது.

எண்ணிக்கையிலேயே ஒரு தந்திரம் உண்டு. பல வைரங்களில் இடுப்பு விளிம்பையும் குட்டிக் குட்டியாகப் பட்டை போட்டு மெருகேற்றியிருப்பார்கள். பரிசோதனைக் கூடங்கள் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் விளிம்பில் இருக்கும் 32-ஐக் கூட்டி, சாதாரண 57 பட்டைக் கல்லையே "89 பட்டை ஸ்பெஷல்" என்று விற்கலாம். பட்டைகளை எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்: டேபிளோடு மேலே எத்தனை, கீழே எத்தனை, விளிம்பு சேர்ந்ததா இல்லையா? இதற்கு நேராகப் பதில் வராத கடையில் அந்தக் கல்லை எடுக்க வேண்டாம்.

உண்மையாகவே பட்டை கூடினால் என்ன நடக்கும்? ஒரு பட்டையை இரண்டாக, மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் அனுப்பும் மின்னல் சின்னதாகிவிடும். பெரிய பட்டையிலிருந்து வருகிற மின்னல் சிவப்பு, நீலம், பச்சை என்று தனித்தனி நிறமாகக் கண்ணில் படும். பொடி மின்னல்களைக் கண் பிரித்துப் பார்க்காது. எல்லாம் கலந்து வெள்ளையாகப் பொரிந்த மாதிரி இருக்கும். நல்ல வட்ட வைரத்தை நேராகப் பார்த்தால் நடுவிலிருந்து எட்டு அம்புகள் கருப்பு வெள்ளையாக மாறி மாறித் தெரியும். அந்த இருளும் ஒளியும் சேர்ந்ததுதான் கல்லின் துடிப்பு. கூடுதல் பட்டைகள் பெரும்பாலும் அதைக் கலைத்துவிடும்.

கல் சிறிதாகச் சிறிதாக இந்தப் பாதிப்பு கூடும். ஏழுகல் தோட்டில் ஒரு கல் 5 சென்ட் என்றால் அதன் குறுக்களவே சுமார் 2.4 மி.மீ. அதில் 101 பட்டை என்பது வெறும் பேச்சு. மிகப் பொடிக் கற்களுக்கு 17 பட்டை மட்டும் போடுகிற பழக்கமே தொழிலில் உண்டு. பட்டை பெரிதாக இருந்தால்தான் அங்கே மின்னல் தெரியும் என்பதுதான் காரணம். ஆகவே தோடு, பேசரி, மூக்குத்திக்குக் கூடுதல் பட்டை என்று சொல்லி ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பின்பக்கம் மூடிய கட்டாக இருந்தால் இன்னும் உஷாராக இருக்க வேண்டும்: கட்டுவதற்கு முன்பே கற்களை உதிரியாக எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சான்றிதழைப் படிப்பதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஜிஐஏ (வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்கப் பரிசோதனை நிறுவனம்) சான்றிதழில் வடிவம் என்ற வரியைப் பாருங்கள். வழக்கமான வட்டம் என்றால் "ரவுண்ட் ப்ரில்லியண்ட்" என்று இருக்கும். பட்டை மாற்றிய கல் என்றால் "ரவுண்ட் மாடிஃபைட் ப்ரில்லியண்ட்". நடுவில் வந்த அந்த ஒரு சொல்லோடு கட் தரமே, அதாவது வெட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற மதிப்பீடே, காணாமல் போகிறது. 2006 முதல் ஜிஐஏ கட் தரம் கொடுத்து வருகிறது, ஆனால் வழக்கமான வட்டத்துக்கு மட்டும். மாற்றிய கல்லுக்கு பாலிஷ், சிமெட்ரி இரண்டுக்கும் தரம் இருக்கும். கட் தரம் இருக்காது. அந்த இரண்டு "எக்ஸலண்ட்"டையும் விரலால் தொட்டுக் காட்டி, "எல்லாமே எக்ஸலண்ட் சார்" என்பார்கள். பாலிஷ் என்பது பட்டை எவ்வளவு வழவழப்பு என்பது, சிமெட்ரி என்பது பட்டைகள் எவ்வளவு ஒழுங்கு என்பது. ஒளி திரும்புகிறதா இல்லையா என்பதை இரண்டும் சொல்லாது. அம்மாப்பேட்டைக் கல்லுக்கு இரண்டுமே எக்ஸலண்ட்தான்.

கடையின் மஞ்சள் ஸ்பாட் லைட்டுக்கு அடியில் கண்ணாடித் துண்டுகூட மின்னும். உச்சி வெயிலும் உதவாது. ஜன்னல் ஓரத்திலோ கடை வாசல் பந்தல் நிழலிலோ, ஒரே எடையுள்ள 57 பட்டைக் கல்லையும் ஸ்பெஷல் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கை நீளத்தில் பாருங்கள். மெதுவாக ஆட்டுங்கள். எதில் நிறம் தெறிக்கிறது, எதில் நடு இருட்டாகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு 10 மடங்கு லென்ஸில், இடுப்பில் லேசரால் பொறித்த எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று சரிபாருங்கள். குறுக்களவை கேஜ் வைத்து அளக்கச் சொல்லத் தயங்காதீர்கள். 30 சென்ட்டுக்கு சுமார் 4.3, 50-க்கு 5.1, ஒரு கேரட்டுக்கு 6.5 மி.மீ. இதைவிட நன்றாகக் குறைந்தால் எடை அடியில் ஒளிந்திருக்கிறது.

கூடுதல் பட்டை எல்லாமே ஏமாற்று என்று சொல்லவில்லை. இரண்டு, மூன்று கேரட் கல்லில் பட்டைகள் ஏற்கெனவே பெரிது. கவனமாகப் பிரித்தால் மினுமினுப்பு நிறையும், அது பிடித்தவர்களும் இருக்கிறார்கள். நேரில் ஒப்பிட்டுப் பார்த்துப் பிடித்திருந்தால், அதே எடைக்குச் சாதா கல்லின் விலையிலோ அதற்குக் கீழேயோ வாங்கலாம். அதற்கு மேல் கொடுக்கிற பணம் திரும்பி வராது, ஏனென்றால் மறுவிற்பனையில் விலைக்கு அளவுகோல் வழக்கமான வட்டம்தான்.

வீட்டில் இருக்கும் கல் மங்கினால் கட்டிங்கைக் குறை சொல்வதற்கு முன் கழுவிப் பாருங்கள். தேங்காய் எண்ணெயும் போர் தண்ணீரின் உப்பும் அடிப்பகுதியில் படிந்தால் எந்தக் கல்லும் செத்துவிடும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் காகிதம் வேண்டும். இயற்கை வைரம் என்ற சொல், சான்றிதழ் எண், கேரட் எடை, கல் விலை தனி, தங்கம் 18 கேரட் என்றால் அதன் நிகர எடையும் ஹால்மார்க் எண்ணும் தனி, திரும்பக் கொடுத்தால் எத்தனை சதவீதம் என்பது எழுத்தில். இத்தனையும் பில்லில் ஏறின பிறகு பணத்தைக் கொடுங்கள். அம்மாப்பேட்டைக் குடும்பத்தின் பில்லில் இருந்தது "டைமண்ட் ரிங் - 1" என்ற ஒரே வரி. 101 பட்டை என்று சொன்னது, நூற்றுக்கு நூறு திரும்ப எடுப்போம் என்று சொன்னது, எதுவும் அதில் இல்லை.