நியூரோமஸ்குலர் ஃபெல்லோஷிப்பா, நியூரோஃபிசியாலஜியா?

நியூராலஜி (நரம்பியல்) முடிக்கப்போற நிறைய பேர், அடுத்து எந்த ஃபெல்லோஷிப் (சிறப்புப் பயிற்சி) எடுக்கறதுன்னு இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் குழம்புறாங்க, ரெண்டுலயும் ஈஎம்ஜி (தசையோட மின் செயல்பாட்டை பாக்கற டெஸ்ட்) இருக்கு, அமெரிக்கால ரெண்டுமே ஒரு வருஷம்தான். ஆனா உள்ள போனா வேற வேற உலகம்.

நியூரோஃபிசியாலஜில ஈஈஜியும் (மூளையோட மின் அலைகளைப் பதியற டெஸ்ட்) சேர்ந்து வரும், சில இடத்துல ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பை கண்காணிக்கவும் கத்துக்கலாம். எங்க போனாலும் வேலைக்கு உதவும்.

நியூரோமஸ்குலர்ல, அதாவது நரம்பு, தசை நோய்கள்ல, நோயாளிதான் மையம். ஈஎம்ஜி ஊசிய தசைக்குள்ள விட்டதும் ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்தை காதாலயே பிரிக்கப் பழகணும், மயோடோனியான்னா (சுருங்குன தசை உடனே தளராத நிலை) விமானம் பாய்ஞ்சு எறங்குற மாதிரி கேக்கும், அதே ஆளு இறுக்கி மூடின கைய சட்டுனு விரிக்க முடியாம தவிக்கறதையும் பக்கத்துல நின்னு பாப்பீங்க. பயாப்ஸி, ஜெனடிக் டெஸ்ட், மயஸ்தீனியா (தசை சீக்கிரம் சோர்ந்துபோற நோய்) எல்லாம் ஆழமா வரும். ஏஎல்எஸ் (தசைய இயக்கற நரம்பு செல்கள் படிப்படியா அழியற நோய்) கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் மூச்சோட பலத்தை அளந்து, குறைஞ்சிருந்தா அதை குடும்பத்துகிட்ட உக்காந்து சொல்லணும், அது லேசுப்பட்ட வேலை இல்லங்க. ஆனா எஸ்எம்ஏக்கு (பரம்பரையா வர்ற, தசை தேஞ்சுபோற நோய்) 2016ல நுசினெர்சென்ங்கற மருந்து வந்ததுக்கப்புறம் "மருந்தே இல்ல"ன்னு சொல்லி அனுப்புற நிலைமை மாறிடுச்சு, அதைப் பாக்கறப்ப மனசு நெறையுது.

ஒரே நோயாளிய வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்க ஆசைன்னா நான் நியூரோமஸ்குலரைத்தான் எடுக்கச் சொல்வேன். வலிப்பு நோய்லயும் கை வைக்கணும்னா நியூரோஃபிசியாலஜி.