வால்பாறை மழையில் நீர்புகா பூட்ஸ்: பல பருவங்களின் பயன்பாட்டு அனுபவம்

ஜூன் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை வால்பாறை மேட்டுநிலத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் அவற்றை ஒட்டிய சோலைத் துண்டுகளிலும் நடக்க வேண்டியவர்களுக்கு, 'வாட்டர்ப்ரூஃப்' என்று சீட்டு ஒட்டி விற்கப்படும் பூட்ஸ்களில் பெரும்பாலானவை வேறு ஏதோ ஒரு குளிர்நாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை என்பது முதல் பருவமழையிலேயே விளங்கிவிடும். தாவரக் கணக்கெடுப்பு வேலைக்காகப் பல ஆண்டுகளாக இப்பகுதியில் மழையில் நடந்து வருகிறேன். ரப்பர் கம்பூட்ஸ், உள்ளே நீர்புகா படலம் வைத்துத் தைத்த மலையேற்ற பூட்ஸ், படலம் ஏதும் இல்லாத முழுத்தோல் பூட்ஸ் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி அணிந்ததில் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான்: நீர் உள்ளே வராமல் தடுப்பதைக் காட்டிலும், உள்ளே வந்துவிட்ட ஈரத்தை மறுநாள் காலைக்குள் போக்குவதே பெரிய வேலை. எனவே எந்த பூட்ஸைக் கையில் எடுத்தாலும், அது எப்படி நனையாது என்பதற்கு முன், நனைந்தால் எப்படிக் காயும் என்றே இப்போது பார்க்கிறேன்.

படலம் வைத்த பூட்ஸிலிருந்து தொடங்குகிறேன். விலை அதிகமும் ஏமாற்றம் அதிகமும் அதில்தான். ராபர்ட் கோர் 1969-இல் டெஃப்லானைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்தபோது கிடைத்த நுண்துளைப் படலமே பின்னர் கோர்-டெக்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. அதன் துளைகளில் நீர்த்துளி நுழையாது, ஆனால் நீராவி வெளியேறும். 2022 முதல் அந்நிறுவனம் ஃப்ளோரின் சேர்மங்கள் இல்லாத பாலிஎத்திலீன் படலத்தையும் கொண்டுவந்திருக்கிறது என்றாலும் வேலை செய்யும் முறை ஏறத்தாழ அதேதான். நீராவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் கூடுதலாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். ஆகஸ்டு மாத வால்பாறையில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கிறது. பூட்ஸின் மேல்துணியோ நீரை உறிஞ்சிக் கனத்துப் போயிருக்கிறது. வியர்வை போவதற்கு வழி ஏது? ஒரு சொட்டு மழை உள்ளே வராமலேயே நண்பகலுக்குள் சாக்ஸ் நனைந்துவிடும். பூட்ஸ் ஒழுகுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலருடைய பூட்ஸ் ஒழுகுவதே இல்லை. உள்ளே இருப்பது அவர்களுடைய சொந்த வியர்வை.

அதே பூட்ஸை ஜனவரியில் ஆனைமலையின் உயரமான புல்வெளிகளுக்கோ கொடைக்கானல் மலைகளுக்கோ அணிந்து சென்றால் அதற்குக் கொடுத்த விலை நியாயமாகத் தோன்றும். விடியற்காலையில் முழங்கால் உயரப் புல்லில் பனிநீர் சொட்டும். காற்று குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும். அந்த நிலையில் படலம் தன் வேலையைச் செவ்வனே செய்கிறது. ஆகவே இது மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். தென்மேற்குப் பருவமழைக்கு ஏற்ற பொருள் அன்று, அவ்வளவே.

ஒழுகுவது வியர்வையா மழையா என்பதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். பூட்ஸுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் உள் அட்டையை உருவி எடுத்துவிட்டு, கணுக்காலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ஊற்றி, உலர்ந்த செய்தித்தாளின்மேல் நிற்க வைத்து, அரை மணி நேரம் கழித்துத் தாளைப் பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த ஒரு ஜோடியில் வலது பூட்ஸின் முன்பகுதிக்குக் கீழே மட்டும் நாணய அளவில் ஈரம் படர்ந்திருந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவியபோது சுண்டுவிரல் மடியும் இடத்தில் உள்துணி நைந்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் தோல் மடிவது அந்த இடத்தில்தான். சாக்ஸோடு உள்ளே போகும் மணல் அங்கே உப்புத்தாள் போல உராய்ந்து படலத்தைத் தின்றுவிடுகிறது. படலம் கிழிந்த பிறகு வெளியிலிருந்து எந்தப் பசையைப் பூசினாலும் பயனில்லை, ஏனெனில் மேல்தோலுக்கும் படலத்துக்கும் இடையில் புகுந்த நீர் ஓட்டையைத் தேடிக்கொண்டு எங்கும் பரவும். அதனால்தான் உள்பகுதியை அவ்வப்போது கழுவி மணலைப் போக்குவதை வெளிப்புறப் பராமரிப்புக்கு இணையான வேலையாக வைத்திருக்கிறேன்.

மழை மாதங்களுக்கு என் பரிந்துரை கம்பூட்ஸ். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நெடுங்காலமாக அணிந்து வருவதைப் பார்த்தாலே போதும். உள்ளே நனைந்தால் தலைகீழாகக் கவிழ்த்துத் துணியால் துடைத்தால் காலைக்குள் தயாராகிவிடும் பூட்ஸ் வேறு எது இருக்கிறது? வாங்கும்போது மட்டும் ரப்பரா பி.வி.சி.யா என்று பார்த்து வாங்க வேண்டும். பி.வி.சி. பூட்ஸ் அச்சில் ஒரே வார்ப்பாக வருவது. பளபளப்பாக, ஒட்டுகளின்றி இருக்கும், சில நூறு ரூபாய்க்கு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். ரப்பர் பூட்ஸில் துண்டு துண்டாக ஒட்டிய பட்டைகளின் விளிம்புகள் தெரியும். உட்புறம் துணி ஒட்டியிருக்கும். மடக்கினால் மெதுவாக வளைந்து மீளும். இந்தியத் தர அடையாளம் இருப்பவற்றில் ரப்பருக்கு ஐ.எஸ். 5557 என்றும் பி.வி.சி.க்கு ஐ.எஸ். 12254 என்றும் அச்சிட்டிருப்பார்கள்; கடைக்காரர் 'எல்லாம் ரப்பர்தான் சார்' என்று சொன்னாலும் எண் பொய் சொல்லாது.

இந்த வேறுபாடு பழுது பார்க்கும்போது மிகவும் உதவும். ரப்பரில் முள் குத்தி ஓட்டை விழுந்தால் சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவரே சரிசெய்து கொடுத்துவிடுவார்: ஓட்டையைச் சுற்றி உரசி, சொல்யூஷன் தடவி, அது கைக்கு ஒட்டாத அளவுக்குக் காயும் வரை பொறுத்து, பேட்சை அழுத்தி ஒட்டினால் அடுத்த மழைக்காலம் வரை தாங்கும். அதே சொல்யூஷன் பி.வி.சி.யில் நிற்காது, உரிந்து வந்துவிடும். அதற்கென உள்ள பி.வி.சி. பசை வேண்டும். ஓட்டை எங்கே என்று கண்ணுக்குத் தெரியாவிட்டால், இருட்டறையில் பூட்ஸுக்குள் டார்ச்சை இறக்கிக் கையால் மடக்கி மடக்கிப் பார்த்தால் வெளிச்சப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும். ரப்பருக்குப் பகைவர்கள் வெயிலும் எண்ணெயும். மழைக்குப் பிறகு ஆசையோடு வெயிலில் காயவைப்பவர்களின் பூட்ஸில் கணுக்கால் மடிப்பில் நுண்ணிய வெடிப்புகள் விழுவதைக் காணலாம். மேற்பரப்பில் வெண்மையாகப் படியும் பொடியோ பூஞ்சை அன்று, ரப்பரில் கலந்த பொருள்கள் மேலே கசிந்து வருவது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கம்பூட்ஸின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். குதிகால் உள்ளே எழும்பி எழும்பி விழும், நீண்ட நடையில் கொப்புளம் வரும், பாசி படிந்த பாறையில் அதன் கடினமான அடி வழுக்கும். ஓடை கடக்கும்போது பாறையின்மேல் தாவாமல் நீருக்குள் இறங்கி நடப்பதே கம்பூட்ஸ் அணிந்தவருக்கு உகந்த வழி. மற்றபடி, எலிக்காய்ச்சல் பரவும் தேங்கிய நீரிலும், குழிவிரியன் கிடக்கும் தேயிலைப் புதரடியிலும் முழங்காலுக்குக் கீழே இப்படி ஒரு கவசம் இருப்பதன் மதிப்பை ரூபாயில் கணக்கிட முடியாது. அணிவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டுவது கட்டாயம். என் பூட்ஸிலிருந்து தவளைகள் வெளியேறியது உண்டு, தேள் வெளியேறியவர்களையும் அறிவேன்.

இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைப் பற்றித் தனியே கேட்பவர்கள் அதிகம். எந்த பூட்ஸும் அட்டையைத் தடுக்காது. லேஸ் துளை வழியாகவும் நாக்கின் ஓரமாகவும் நுழையும். கம்பூட்ஸ் என்றால் நேராக விளிம்பு வரை ஏறிவந்துவிடும். இழை நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால் வரை தைத்த அட்டைக் காலுறையை, பேன்ட்டின் கீழ்ப்பகுதியை உள்ளே விட்டு, சாக்ஸின்மேல் அணிந்து இறுகக் கட்டுவதுதான் பலன் தருகிறது. பூட்ஸின் மேல் உப்பும் சுண்ணாம்பும் தடவுவது முதல் அரை மணி நேர மழையிலேயே கரைந்துபோகும். தோல் பூட்ஸுக்கு உப்பு கேடும் கூட.

முழுத்தோல் பூட்ஸுக்கு இந்தப் பட்டியலில் இரண்டாம் இடம் கொடுப்பேன். வாங்கும்போது தோலின் தடிப்பைவிடத் தையல்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறேன், ஏனெனில் ஒவ்வொரு தையல் துளையும் நீருக்கு ஒரு வாசல். முன்பகுதியும் பக்கங்களும் ஒரே துண்டாக வெட்டப்பட்டுக் குதிகாலில் மட்டும் இணைப்பு இருப்பது உத்தமம். நாக்கின் இருபுறமும் மடிப்புத் தோலால் மேல்வரை இணைக்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் ஓடையிலேயே நீர் நாக்கின் ஓரமாக இறங்கிவிடும். அடிப்பகுதியின் பற்கள் இடைவெளி விட்டு ஆழமாக இருக்க வேண்டும். நெருக்கமான பற்களில் எங்கள் ஊர்க் களிமண் அப்பிக்கொண்டால் அது வெறும் மொழுக்கைப் பலகை. அளவைப் பொறுத்தவரை, மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், மழைக்கு அணியும் அதே தடித்த சாக்ஸோடு போய், கடையின் மாடிப்படியில் இறங்கிப் பார்த்து, பெருவிரல் முன்னால் இடிக்காததை உறுதிசெய்த பிறகுதான் பணம் கொடுப்பேன்.

தோலுக்கு மேல் பூசுவதில்தான் ஆளுக்கொரு கருத்து. தேன்மெழுகு கலந்த பூட்ஸ் மெழுகை, கழுவி நன்றாக உலர்ந்த தோலில், விரல் சூட்டில் இளக்கித் தையல்களின்மேல் அழுத்தித் தேய்ப்பதே எனக்கு ஒத்துவந்த முறை. கிராமத்தில் புதுத் தோல்செருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி ஊறவைக்கும் வழக்கம் உண்டு. செருப்புக்கு அது சரி, ஏனெனில் அங்கே தோல் இளகத்தான் வேண்டும். பூட்ஸில் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் விறைப்பு அவசியம் என்பதால் எண்ணெய்களை அண்டவிடுவதில்லை. படலம் உள்ள பூட்ஸுக்கு மெழுகைத் தவிர்த்து, நீர் ஒட்டாமல் செய்யும், நீர் அடிப்படையிலான தெளிப்பு வகைகளையே பயன்படுத்த வேண்டும். ஃப்ளோரின் நீக்கிய புதிய தெளிப்புகள் முந்தையவற்றைவிட விரைவில் தேய்ந்துபோவதால் மழைக்காலத்தில் அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும் அந்தச் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாமல் தங்குபவை என்பதால் இந்தக் கூடுதல் வேலையைக் குறையாக நினைக்கவில்லை. துணி துவைக்கும் தூளால் மட்டும் எதையும் கழுவக் கூடாது. அதன் மிச்சம் தோலிலும் துணியிலும் தங்கி நீரை இழுத்துக்கொள்ளும்.

உலர்த்துவதே பெரிய வேலை என்று ஏற்கெனவே சொன்னேன். வீடு திரும்பியதும் சேற்றைத் தூரிகையால் கழுவி, லேஸை முழுவதும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, உள் அட்டையைத் தனியே எடுத்து வைத்து, செய்தித்தாளைக் கசக்கி விரல்பகுதி வரை திணிக்க வேண்டும். முதல் தாள் ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். மாற்றாமல் விட்டால் அதுவே ஈரத்தைக் காக்கும். வழுவழுப்பான விளம்பரப் பக்கங்கள் எதையும் உறிஞ்சாது. விறகடுப்பின் பக்கத்திலோ ஹீட்டரின் முன்னோ வைத்தால் தோல் வெடிக்கும், அடிப்பகுதியின் பசை விடும். மேசை விசிறியின் காற்றைப் பூட்ஸின் வாய்க்கு நேராகத் திருப்பி வைப்பதுதான் இதுவரை நான் கண்டதில் சிறந்தது. மலையில் அலமாரிக்குள் குண்டு பல்பை எரியவிட்டுப் பூஞ்சையை விரட்டும் வழக்கம் எல்.இ.டி. வந்ததும் பயனற்றுப் போனது, அதில் சூடே இல்லையே. மீறிப் பூஞ்சை படிந்தால் வினிகர் கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, மீண்டும் மெழுகிடலாம். ஈர பூட்ஸை மறுநாளும் அணிய நேர்ந்தால் சாக்ஸாவது உலர்ந்ததாக இருக்கட்டும்; பருத்தியை விடக் கம்பளி கலந்தவை ஈரத்திலும் உடலோடு ஒட்டாமல் இருக்கும். சேற்றுப்புண் வந்த விரலிடுக்கோடு நடப்பதற்கு எந்த பூட்ஸும் உதவாது.

பலருக்கும் புரியாத புதிராக இருப்பது, பத்திரமாகப் பெட்டியில் வைத்த பூட்ஸின் அடி ஒருநாள் நடக்கும்போதே பிட்டுப் பிட்டாக உதிர்வது. மலையேற்ற பூட்ஸ்களில் பாதத்துக்கும் அடி ரப்பருக்கும் இடையே பாலியூரித்தேன் நுரை வைப்பது வழக்கம். காற்றின் ஈரம் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுத்துவிடுகிறது. அணிந்தாலும் அணியாவிட்டாலும் இது நடக்கும். காற்றோட்டமில்லாத பெட்டியிலும் பிளாஸ்டிக் பையிலும் விரைந்து நடக்கும். எனவே பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய இருப்பை வாங்குவதற்கு முன், நாக்கின் உட்புறச் சீட்டில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பார்த்துவிட வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் பழையதென்றால் நான் தொடுவதில்லை. எத்திலீன் வினைல் அசிடேட் நுரை வைத்தவை இப்படி உதிர்வதில்லை, ஆனால் நாளடைவில் அழுந்தித் தட்டையாகும். தைத்து இணைத்த அடிப்பகுதி உள்ள முழுத்தோல் பூட்ஸாக இருந்தால் மேல்பகுதி நன்றாக இருக்கும் வரை அடியை மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யத் தெரிந்த கைவினைஞர் பொள்ளாச்சியிலோ கோவையிலோ கிடைத்தால், வேலையைக் கொடுக்கும் முன் பழைய தையல் துளைகளின் வழியாகவே புதுத் தையலை ஓட்டும்படியும், கடைசியில் உள்விளிம்பைச் சுற்றி ஒரு கை மெழுகு இழுத்துவிடும்படியும் கேட்டுக்கொள்வது நல்லது.