காது அறுவைக்கு முதலில் எது: மைக்ராஸ்கோப்பா, எண்டோஸ்கோப்பா?

கடலூரில் புதிதாக கிளினிக் தொடங்கும் ஈ.என்.டி. சர்ஜன், காதுதான் தன் துறை என்று முடிவெடுத்திருந்தால் மைக்ராஸ்கோப்பையே முதலில் வாங்க வேண்டும்.

எண்டோஸ்கோப் மூக்குக்கும் உதவும், விலையும் குறைவு. வளைந்த காதுக்குழாயிலும் காதுக்குப் பின்னால் கீறாமலே செவிப்பறை முழுதாகத் தெரியும். 30 டிகிரி முனை நடுக்காதின் மறைவிடங்களையும் காட்டும். ஆனால் ஒரு கை அதைப் பிடிப்பதிலேயே போய்விடும். ரத்தம் கசிந்தால் உறிஞ்சுவதும், செவிப்பறை ஓட்டையை அடைக்கும் ஒட்டுத்திசுவை நகர்த்துவதும் மாறி மாறித்தான். வெளிச்சத்தைக் குறைத்து வைக்காவிட்டால் முனைச் சூடு உள்காதைக் கெடுக்கலாம்.

மைக்ராஸ்கோப்பில் இரண்டு கையும் வேலை செய்யும், ஆழமும் பிடிபடும். காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பை ட்ரில் செய்யவும், பின்னாளில் கேட்க உதவும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை உள்காதில் வைக்கவும் இந்தப் பழக்கம்தான் அடிப்படை. 250 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் போதும். கடற்காற்று ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படரும்; உறை போட்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை வைத்து, நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.